யார் கேட்ட படம்?

குன்றாண்டார்கோவிலில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பவரிடம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, “எந்தப் பத்திரிகை தம்பி?” பத்திரிகை இல்லை, டிவி இல்லை, யூடியூப்பும் இல்லை என்று சொன்னால் அடுத்தது வரும்: “அப்ப யாருக்கு எடுக்குறீங்க?” முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுக்குத்தான் வாய் திறக்காது.

ஊரின் பெயரிலேயே அதன் முகவரி இருக்கிறது. குன்று, அதை ஆண்டவர், அவருக்கொரு கோவில். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கும் இதுவே பெயர். குன்றின் கிழக்குச் சரிவில் எட்டாம் நூற்றாண்டில் குடைந்த சிவன் கோவில் இது. நந்திவர்ம பல்லவமல்லன், அவன் மகன் தந்திவர்மன் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உண்டு. பல நூற்றாண்டுகள் கழித்து, விஜயநகரக் காலத்தில், குடைவரைக்கு முன்னால் ஒரு மண்டபம் எழுந்தது. குதிரை பூட்டிய தேரின் வடிவம் அதற்கு. முதல் தடவை வருபவர் அந்தக் குதிரையையும் சக்கரத்தையும்தான் எடுப்பார். இரண்டாம் தடவையும் அதையேதான் எடுப்பார். மூன்றாம் தடவை, எடுத்து முடித்துத் திரையைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஏதோ வடிந்துவிடும். முந்தைய படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தேதி மட்டும்தான்.

ஆர்வத்தின் பேரில் படம் எடுக்கும் எல்லோருக்கும் இந்த நாள் வந்தே தீரும். கல்யாண வீட்டில் படமெடுப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சலிப்பாக இருந்தாலும் முகூர்த்த நேரத்துக்கு அவர் மேடையருகே நின்றாக வேண்டும். பத்திரிகைக்காரருக்கு ஆசிரியர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பவரை மட்டும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் போகாவிட்டால் உலகத்தில் எதுவும் நின்றுவிடாது. அதனால்தான் ஒரு ஞாயிறு அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். பிறகு அதுவே பழக்கமாகும். ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் பெயர்கூட மாற்றாமல் கிடக்கும். புது லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். வாங்குவார். இரண்டு மாதம் சரியாகவும் இருக்கும்.

புதுக்கோட்டை மண்ணுக்கும் இந்தச் சிக்கலுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு.

லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் 1822இல் பிறந்தவர். சென்னை ராணுவத்தில் அதிகாரி. விடுப்பில் ஊருக்குப் போனபோது ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, 1853இல் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். இந்தியா திரும்பியதும், 1854 டிசம்பரில், ஹளேபீடு, பேளூர் கோவில்களைப் படமெடுத்தார். அரசாங்கம் கேட்கவில்லை, மேலதிகாரி கேட்கவில்லை. அந்தப் படங்கள் 1855 சென்னைப் பொருட்காட்சியில் முதல்தரப் பதக்கம் பெற்றன. அதன் பிறகுதான் கேட்பவர்கள் வந்தார்கள். பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு அனுப்பினார்கள். 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராகவே நியமித்தார்கள்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ட்ரைப் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுதிகளில் ஒன்று புதுக்கோட்டைக் காட்சிகளுக்கென்றே தனியாக அமைந்தது. அப்போது இங்கே ராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சி. இன்றைக்கு ஒரு நொடியில் நூறு படம் எடுப்பவருக்கு அந்தப் பயணத்தைக் கற்பனை செய்வதே கஷ்டம். மெழுகேற்றிய காகிதம்தான் நெகடிவ். அதற்கு ஏற்ற அளவில் ஒரு பெரிய மரப் பெட்டிதான் கேமரா. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அதற்குள் காற்றடித்தால் மரத்தின் இலைகள் கலங்கிவிடும். அந்த நெகடிவிலிருந்து போடும் பிரிண்டில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். ட்ரைப் பொறுமையாக உட்கார்ந்து நெகடிவிலேயே வண்ணம் தொட்டு மேகம் வரைந்தார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். அது இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். இந்த ஒளிப்படப் பிரிவு ஆடம்பரச் செலவு என்று அதை மூடிவிட்டார். ட்ரைப் ராணுவ வேலைக்குத் திரும்பினார். அதன் பின் 1902இல் இறக்கும்வரை, பர்மாவில் எடுத்த ஒரு சில படங்களைத் தவிர, அவர் கேமராவைத் தொட்டதாகவே தெரியவில்லை. ஹளேபீட்டில் யாரும் கேட்காமல் எடுத்த மனிதர், கேட்டவர்களுக்காக எடுத்துப் பழகிய பிறகு, கேட்பார் இல்லை என்றதும் நின்றுவிட்டார். பாராட்டு வந்தால் எடுப்பது, லைக் குறைந்தால் சோர்வது என்று இன்று நடப்பதெல்லாம் அப்போதே நடந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். இயற்கையைப் பற்றி 1950இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடங்கிய பத்தியை 46 ஆண்டுகள், சாகும்வரை, எழுதினார். காட்டு யானையையும் காட்டெருமையையும் அவர் எடுத்தது கடையில் வாங்கிய நவீனக் கேமராவால் அல்ல. ஒன்றின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று தானே பூட்டிச் சேர்த்த ஒரு பாரமான கருவி அது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலிப்பெயரும் வைத்திருந்தார். உலகம் வண்ணத்துக்கு மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பார்த்ததைக் குறிப்பெழுதுவதும் படமெடுப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி அவரிடம் இருந்தது. கேமரா அதற்குப் பதில் தேடும் வழி. அந்தக் கேள்வி தீரவில்லை. அதனால் படமும் தீரவில்லை.

வயதைக் காரணம் சொல்பவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் இருக்கிறார். கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்ததுதான் அவருடைய முதல் கேமரா. தனிமையில் பொழுது போகட்டுமே என்றுதான் தந்தார்கள். அவர் கோழிக்கூண்டை ஸ்டூடியோவாக்கினார்; கரி அடுக்கும் அறையை இருட்டறையாக்கினார். ஃபோகஸ் சரியில்லை என்று ஒளிப்படச் சங்கத்து நிபுணர்கள் குறை சொன்னார்கள். அவர் தன் மங்கலை மாற்றிக்கொள்ளவில்லை. 1875இல் இலங்கைக்குக் குடியேறி, களுத்துறையில் அங்கிருந்த எளிய மக்களை எடுத்தார். அந்தப் படங்களில் எஞ்சியவை மிகக் கொஞ்சம். 1879இல் இலங்கையிலேயே இறந்தார்.

இன்னொரு கோடியில் விவியன் மையர். சிகாகோவில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்தவர். லட்சத்துக்கு மேல் நெகடிவ். ஏராளமான சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை பாக்கியால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியார் கண்ணில் பட்டன. 2009இல் அவர் இறக்கும்போது ஒளிப்படக்காரராக அவர் பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது. இது எல்லோருக்கும் ஏற்ற வழி அல்ல. எடுத்த படத்தைத் தானே பார்க்காமல் வைப்பதும் ஒருவகைச் சுமைதான். ஆனாலும் அழுத்தும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் நாற்பது வருடம் தெருவில் நடக்க முடிந்திருக்கிறது.

இவர்களையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் குன்றாண்டார்கோவிலுக்கு வந்தால், மூன்றாம் தடவை வடிந்துபோனது எது என்று பிடிபடுகிறது. குதிரையையும் சக்கரத்தையும் எடுத்தவரிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை. அழகாக இருந்தது, எடுத்தார். அழகு முதல் தடவையே முழுதாகத் தன்னைக் கொடுத்துவிடும். திரும்ப வரவழைப்பது தெரியாத ஒன்று.

குடைவரைக்குள் நுழைந்தால் அப்படிப்பட்ட ஒன்று காத்திருக்கும். வெளியே கண்ணைக் கூசும் கருங்கல் வெயில்; உள்ளே வௌவால் இருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் அடக்க எந்த சென்சாராலும் முடியாது. ஃப்ளாஷ் போட்டால் சிற்பம் வெந்த சுண்ணாம்புபோல் தட்டையாகிவிடும். தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும். ஆக, ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கி, தோளைச் சுவரில் சாய்த்து, மூச்சை விட்டபின் அடுத்த மூச்சுக்கு முன் அழுத்த வேண்டும். பத்தில் ஏழு ஆடியிருக்கும். சன்னிதி பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பது எழுதாத சட்டம். குருக்கள் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அரை மணி நேரம் கேமராவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தால்தான், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எந்த நேரத்தில் எந்தச் சுவருக்குப் போகிறது என்று தெரியும்.

அங்கிருந்து ஒரு பழக்கம் பிறக்கிறது. இந்தப் பக்கத்துக் கோவில்களை ராஜாக்கள் வரிசையில் அல்லாமல் வெயில் வரிசையில் நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம். குன்றாண்டார்கோவில் கிழக்குப் பார்த்தது, காலைக்கு. நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரம் மேற்குப் பார்த்தது, மாலை நாலரைக்குப் பிறகு. கொடும்பாளூர் மூவர் கோவில், அதுவும் மேற்கு. கல்வெட்டு என்றால் வெயில் எதிரே நிற்கக் கூடாது. சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் வெட்டிய எழுத்தின் ஒரு கரையில் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தட்டுப்படாத எழுத்தும் மேலெழும். அந்தச் சாய்வு வெயில் ஒரு சுவருக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். மேகம் வந்துவிட்டால் அன்றைய நாள் போச்சு. வெறுங்கையோடு டீக்கடைக்குப் போகலாம். விந்தை என்னவென்றால், அடுத்த வாரம் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவது இப்படி வெறுங்கையோடு திரும்பியவர்தான்.

அழகில்லாத படம் என்றும் ஒன்று உண்டு. சிற்பத்தை நேராக, நடுவில் வைத்து, அடி முதல் நுனி வரை, எந்த வித்தையும் காட்டாமல் எடுப்பது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளுவார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னகக் கோவில்களில் இப்படித்தான் எடுத்துச் சேர்த்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்தில் நின்றபோது, இது எங்கள் ஊர்ச் சாமி என்று காட்டக் கைகொடுத்தது அந்தத் தொகுப்பிலிருந்த ஒரு சாதாரணப் படம். 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். நல்ல படத்தோடு இப்படி ஒரு சாட்சிப் படமும் எடுத்து, தேதியும் இடமும் குறித்து வைப்பதைப் பொழுதுபோக்காக எடுப்பவர்களும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். செலவு ஒரு அழுத்தல்.

மனிதர்கள் விஷயத்தில் கணக்கு வேறு. மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவை எடுத்தால், “போட்டோவ எப்ப தருவ?” என்பார். வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்பது அவரிடம் செல்லாது. கீரனூரிலோ புதுக்கோட்டையிலோ ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முந்தானையில் துடைத்து, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்ப்பார். “கண்ணு சின்னதா வந்திருக்கே” என்று குறையும் சொல்வார். நூறு லைக்கில் வராத கூர்மை அந்தக் குறையில் இருக்கும். அதன் பிறகு “யாருக்கு எடுக்குறீங்க?” என்ற கேள்வி அந்தத் தெருவில் எழாது. “வந்துட்டாரு பாரு” என்பதோடு முடிந்துவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. குன்றாண்டார்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தரை டிகிரி அளவில் இருப்பதால், சூரியன் சித்திரை முதல் வாரத்தில் ஒரு தடவையும் ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒரு தடவையும் உச்சியில் நேராக நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கு நடுவில்தான் நண்பகல் வெயில் வடக்கே சாய்ந்து, கற்கட்டடத்தின் வடக்கு முகத்தை உரசும். மற்ற மாதங்களில் அந்த நேரத்தில் அங்கே நிழல்தான். மார்கழியில் வந்து பார்த்தவருக்கு வடபுறத்துக் கல் ஒரே சாம்பல் பரப்பு. அதில் என்ன செதுக்கியிருக்கிறது என்று விரலால் தடவித்தான் பார்க்க முடிந்தது. நோட்டில் அந்த இடத்துக்கு எதிரே ஒரு சுழி போட்டு, ‘சித்திரை 10, பகல் 12’ என்று எழுதியிருக்கிறது. அன்றைக்குக் கல் கால் பொசுக்கும். ஒரு பழைய சாக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.