எந்த பிளாக், எந்த மாடி

அக்டோபர் 18

வீடு மாறுவது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி. இந்தச் செங்கல்பட்டு வீட்டின் மாடிப்படி என் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, அவர் இரவில் நெஞ்சைத் தடவியபடி எழுந்து உட்கார்ந்தால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. மகள் பெங்களூரில், மகன் அரிசோனாவில். "எங்களோடயே வந்து இருங்கம்மா" என்று இருவரும் மனசாரத்தான் கூப்பிடுகிறார்கள். போய் இருந்தும் பார்த்தோம். நமக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்று இருவருக்குமே பட்டது.

முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பு என்றால் முன்பெல்லாம் கோயம்புத்தூரைத்தான் சொல்வார்கள். இப்போது நம் மாவட்டத்திலேயே வந்துவிட்டன. மறைமலைநகரில் ஆஷியானா சுபம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் வேறு சிலவும் உண்டு. தேவை இருக்கிறதே! 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான்.

அவருக்குக் கடல் வேண்டும். கல்பாக்கத்தில் முதல் அணு உலை 1984 தொடக்கத்தில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அலைச் சத்தத்திலேயே தூங்கியவர். எனக்கு ரயில் வேண்டும். தாம்பரத்தில் அக்கா இருக்கிறாள். டிரைவரைக் கெஞ்சாமல் நானே ஏறிப்போய் அவளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அக்டோபர் 22

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் நான் பல வருடம் பாடம் நடத்திய ஊர். மலையைக் கண்டதும் வண்டியிலிருந்தே வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

கடற்கரைச் சாலையில் நாங்கள் பார்த்த குடியிருப்பு அழகானதுதான். மூன்றாவது மாடி பால்கனியில் அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் அப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார் போலிருந்தது. நான் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தேன். புது பெயின்ட், அடியில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் தகடுகள் உதிர்ந்து கிடந்தன. குழாய்த் தண்ணீர் கரிக்கிறது. பக்கத்தில் நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். அது தென்சென்னைக்குப் போகிறது. இங்கே குடியிருப்பவர்களுக்கு போர்வெல்லும் லாரியும் கேனும்தான்.

உப்பையும் துருவையும் பணம் கொடுத்துச் சமாளிக்கலாம். தூரத்தை என்ன செய்வது? இரவு இரண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தால் ஒன்று கேளம்பாக்கம் போக வேண்டும், இல்லையென்றால் செங்கல்பட்டு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு இரவில் சாலையில் மரம் விழுந்து கிடந்தால் எந்த ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

இன்னொன்றை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் ஹவுஸில் நீர்மட்டம் ஏறியதும் உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊழியர் குடியிருப்புக்குள் அலை புகுந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. தெரிந்த முகங்கள். சவுக்குத் தோப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகங்கள்தான் வரும். அதற்குப் பிறகும் அவருக்குக் கடல்மேல் பிரியம் குறையவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

திரும்பும்போது அவர் வாய் திறக்கவேயில்லை. பாலாற்றுக் காற்று முகத்தில் படுகிற இடத்தில், "சரி, ரயில் பக்கமே பாரு. ஆனா ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியணும்" என்றார்.

அக்டோபர் 30

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ தூரத்தில் ஒரு பெரிய குடியிருப்பு. பெயரை எழுதவில்லை. இன்னும் எதுவும் முடிவாகவில்லையே. உள்ளே நுழைந்தால் ஒரு சிற்றூர் அளவு இருக்கிறது. கேட்டை ஒட்டிப் பழைய பிளாக்குகள், நடுவில் டைனிங் ஹாலும் கிளினிக்கும், அதற்கும் பின்னால் ஏரியைப் பார்த்தபடி புது பிளாக்குகள். இன்னும் ஒரு கட்டம் வரைபடத்தில் மட்டும் இருக்கிறது.

விற்பனைக்கு இருந்த பையன் நேராக ஏரிப் பக்கம்தான் கூட்டிப்போனான். "லேக் வியூ அங்கிள், நாலே வீடுதான் பாக்கி." அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கிருந்து டைனிங் ஹாலுக்கு நான் நடந்து பார்த்தேன். நடுவில் ஒருமுறை நின்றேன். வழியில் நிழலும் இல்லை, உட்காரப் பெஞ்சும் இல்லை. "பேட்டரி கார் ஓடுது ஆன்ட்டி. பின்னாடியே ஒரு டைனிங் ஹாலும் வரப்போகுது" என்றான். வரப்போவதை வைத்து நான் வீடு வாங்கமாட்டேன். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பதிவு. எந்தக் கட்டத்தில் எதைக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் போட்டிருக்கும் மரத்தின் நிழலில் யாரும் உட்கார முடியாது.

நவம்பர் 3

இன்று சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனோம். பகலில் எல்லா பிளாக்கும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. விளக்கு வைத்த பிறகு போனால்தான் ஆள் இருக்கும் வீடு எது, பூட்டிய வீடு எது என்று தெரியும். ஏரிப் பக்கம் முக்கால்வாசி இருட்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றவர்களுக்காக வாங்கிப் பூட்டி வைத்தவை, அல்லது 'அப்புறம் பார்த்துக்கொள்வோம்' என்று முதலீடாகப் போட்டவை. ஒரு மாடியில் இரண்டே வீட்டில் ஆள். கீழே விழுந்தால் சத்தம் கேட்டு ஓடிவரப் பக்கத்து வீட்டில் ஒருவர் வேண்டாமா? எமர்ஜென்சி பட்டன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பட்டன் வரைக்கும் கை எட்ட வேண்டுமே.

பழைய பிளாக்கில் வராந்தாவில் நாற்காலி போட்டு நாலு பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் டீச்சராக இருந்தேன் என்றதும் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள். அதில் ஓர் அம்மா வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கும் விவரத்தைச் சொன்னார். வேலைக்கு வருகிறவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் கேட்டில் வந்து இறங்குகிறார்கள். கேட்டுக்குப் பக்கத்து பிளாக் என்றால் இரண்டு வீடு, மூன்று வீடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் என்றால், "அவ்ளோ தூரம் நடந்து போயி ஒரே வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கணுமா, டீச்சர்? வரமாட்டாங்க." இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

நவம்பர் 11

இரண்டு நாளாக நல்ல மழை. இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன். வீடு பார்க்க ஐப்பசியை விட்டால் வேறு மாதம் கிடையாது. அவருக்கு ரெயின்கோட்டை மாட்டிவிட்டுக் கூட்டிப்போனேன்.

குடியிருப்புக்கு வெளியே டீக்கடையில் ஒரு பெரியவரிடம் ஏரியைப் பற்றிக் கேட்டோம். கலங்கல் எந்தப் பக்கம், நிறைந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும், பின்னால் இருக்கும் பிளாக்குகள் முன்பு என்ன நிலமாக இருந்தன என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். "கரைக்கு இந்தாண்ட பயிர் வெச்ச நிலம்தான், பயமில்ல. அந்தக் கடைசி கட்டடம் மட்டும் தண்ணி தேங்கி நின்ன எடம். அம்பது வருசமா பாக்கறேன்." அதே கடைசிக் கட்டடத்தின் கார் நிறுத்தத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதை அரை மணி நேரத்தில் நாங்களே பார்த்தோம். வில்லங்கச் சான்று அவசியம். அதோடு நிற்காமல், ஊரில் வயதான ஒருவரிடமும் நிலத்தைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

தரைத்தளமா, மாடியா என்ற கேள்விக்கும் மழைதான் பதில் சொல்லிற்று. முழங்கால் வலிக்குத் தரைத்தளம்தான் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சுவரின் அடிப்பக்கம் ஈரம் பூத்திருக்கிறது. குளியலறைக் குழியில் மரவட்டை. ஏரி பக்கத்தில் இருக்கும்போது பாம்பு வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உயர மாடி என்றால் லிஃப்ட்டை நம்ப வேண்டும். 2016 வர்தா புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோனால் ஐந்தாவது மாடியில் சிறைதான். முதல் மாடி என்றால் லிஃப்ட் நின்றாலும் நான் மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்தாவது இறங்கிவிடுவேன். அவரை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கியும் வந்துவிடலாம். முதல் மாடி என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

நவம்பர் 13

மகன் பேசினான். ஃபீனிக்ஸ் பக்கத்தில் இருக்கும் சன் சிட்டிக்கு அவன்தான் எங்களை ஒருமுறை கூட்டிப்போனான். டெல் வெப் என்கிற கட்டுமானக்காரர் 1960 ஜனவரி 1-ஆம் தேதி திறந்த முதியோர் நகரம் அது. தெருக்களே வட்டம் வட்டமாக வளைந்து போகும். கோல்ஃப் வண்டியில் கடைக்கும் நீச்சல் குளத்துக்கும் போய்வருகிறார்கள். "அங்க யாரும் தூரத்தைப் பத்திக் கவலப்படறதில்லையேம்மா" என்றான். அங்கே எழுபத்தைந்து வயதில் வண்டி ஓட்டுகிறார்கள். நாங்கள் நடந்து பழகியவர்கள். எங்கள் கணக்கு கால்கணக்கு.

பத்திர விஷயங்களை அவனும் மகளும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கேட்கச் சொன்னவை: வீடு எங்கள் இருவர் பெயரிலும் கிரயமா, இல்லை ஆயுள்வரை டெபாசிட் முறையா, மாதப் பராமரிப்புத் தொகையை எதை வைத்து ஏற்றுகிறார்கள், எங்களுக்குப் பிறகு பிள்ளைகள் விற்கலாமா. இப்படிப்பட்ட பல இடங்களில் பிள்ளைகளுக்குச் சொத்து வரும், ஆனால் 55 வயதாகாமல் அதில் குடியிருக்க முடியாது. முன்னாலேயே தெரிந்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை. மத்திய அரசு 2019-இல் ஓய்வுகால இல்லங்களுக்காக வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலை மகள் அனுப்பியிருக்கிறாள்: வழுக்காத தரை, கைப்பிடி, சக்கர நாற்காலி போகும் கதவு, அவசர அழைப்பு. சாய்தளம் ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். டேப்பை எடுத்துப்போய் அளந்துவிட்டேன். பழைய பிளாக்கில் சரியாக இருக்கிறது.

நவம்பர் 21

விருந்தினர் வீட்டில் தங்கிப் பார்க்கிறோம். வாங்குவதற்கு முன் தங்கிப் பார்க்க விடாத இடத்தில் வாங்கவே கூடாது என்பது என் தீர்மானம்.

மேற்குச் சுவர் வீட்டில் சாயங்காலம் உட்கார முடியவில்லை. கார்த்திகை மாதத்திலேயே இப்படி என்றால் அக்னி நட்சத்திரத்தில் என்ன ஆகும்? கடல்காற்று இங்கே வந்து சேர மாலையாகிவிடுகிறது. வந்தால் கிழக்கு ஜன்னலுக்குத்தான் வருகிறது. ஜெனரேட்டர் அறைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் பக்கத்து வீடுகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

டைனிங் ஹாலில் எங்கள் மேஜைக்கு ஒரு பெரியவர் தினமும் கடைசியாக வருகிறார், முதல் ஆளாக எழுந்துவிடுகிறார். வீட்டம்மா படுத்த படுக்கை. இவர் கால் மணி நேரத்தில் சாப்பிட்டு, அவருக்கு டிபன் கேரியரில் கஞ்சியும் குழைந்த சாதமும் வாங்கிக்கொண்டு போகிறார். அவர்கள் வீடு ஹாலுக்கு எதிர் பிளாக். "பின்னாடி இருந்தோம் சார், ஏரியப் பாத்த வீடு. இவ விழுந்தப்புறம் வாடகைக்காவது இங்க வந்துடணும்னு மாத்திக்கிட்டேன். அங்கேருந்து வந்து போறதுக்குள்ள அவ பயந்துடறா" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

என் வீட்டுக்காரர் அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. நானும்தான். இதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்து நடக்கும் நாட்களுக்காகவே வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் படுத்து, மற்றவர் பார்த்துக்கொள்ளும் நாட்களும் வரும். அதன்பின் ஒருவர் மட்டும் இருக்கும் நாட்களும் வரும். அந்த ஒருவர் நானாக இருந்தால் எனக்கு அந்தக் கீரை ஆயும் வராந்தா வேண்டும். அவராக இருந்தால், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷர், சாப்பாட்டு மணி காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை வாய்விட்டே சொன்னேன். "ஏரி எங்க போயிடப்போவுது? காலையில நடந்து போயி பாத்துக்கறேன்" என்றார்.

நவம்பர் 28

முன்பணம் கட்டியாயிற்று. பழைய பிளாக், முதல் மாடி, கிழக்கு பார்த்த ஜன்னல். எதிரே டைனிங் ஹால், நாலு எட்டில் கிளினிக். ஆம்புலன்ஸ் கேட்டிலிருந்து திரும்பாமல் நேராக வாசலுக்கே வரும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஜி.எஸ்.டி. சாலையிலேயே. இரண்டாம் கையாக வாங்குவதால் டைல்ஸ் கொஞ்சம் மங்கல். அதனால் என்ன, வழுக்காது. இரண்டாவது அறை சிறியது. பேரப்பிள்ளைகள் வந்தால் ஹாலில் பாய் போட்டுக்கொள்ளலாம்.

ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியாது. ஒரு வேப்பமரமும் பேட்டரி கார் நிற்கும் இடமும் தெரிகின்றன. கடலுக்கு மாதம் ஒருமுறை போவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கல்பாக்கத்துப் பழைய நண்பர்கள் இரண்டு பேர் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் இருக்கிறார்கள், காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம்.

குளியலறையில் கைப்பிடி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எட்டாத உயரத்தில். கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். பிளம்பர் ஒரு பொது உயரம் சொல்கிறார். எனக்கு வலக்கால் மோசம், அவருக்கு இடத்தோள் பலவீனம். நாளை இருவருமே உட்கார்ந்து எழுந்து பார்த்து, சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு வர வேண்டும்.