படகு பிடிக்க ஆள் வேண்டும்

காரை நிறுத்தி இறங்கியதும் மூக்கில் ஏறியது அந்த வாசனை. "சித்தப்பா, பாட்டி வீட்டு விளக்கு வாசனை மாதிரி இல்ல?" என்றான் நேப்பர்வில்லில் இருந்து என்னை ஓட்டிக்கொண்டு வந்த அண்ணன் மகன். அவன் மூக்கு பொய் சொல்லவில்லை. இங்கே பாதிப் படகுகள் மெத்தனாலில் ஓடுகின்றன. எஞ்சின் தேயாமல் இருக்க அதில் கலப்பது விளக்கெண்ணெய்தான். உலகத்து ஆமணக்கெண்ணெயில் பெரும்பங்கு குஜராத்திலிருந்து போகிறது என்பதால், இந்தப் புகைக்கும் நமக்கும் ஏதோ ஒட்டு உறவு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர் பெயர் டிப்யூ. இல்லினாய் மாநிலம், சிகாகோவுக்கு மேற்கே இரண்டு மணி நேரப் பயணம். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். துத்தநாக ஆலையை நம்பிப் பிழைத்தது. ஆலை போய்விட்டது, அது விட்டுப்போன கழிவு 1999இல், நச்சு இடங்களைச் சுத்தப்படுத்துவதற்கான மத்திய அரசின் சூப்பர்ஃபண்டு பட்டியலில் ஏறியது. ஊரை ஒட்டி, இல்லினாய் ஆற்றிலிருந்து ஒதுங்கிய ஓர் ஏரி. ஜூலைக் கடைசியில் அதில்தான் அவுட்போர்டு படகுகளின் தேசியப் பந்தயம். நடத்தும் விதிகள் 1903இல் தொடங்கிய அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷனுடையவை. பிரிவுக்குப் பெயர் 'புரோ'. ஆனால் இதை வைத்து அடுப்பெரிக்கிறவர் ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை குழாய் பழுதுபார்க்கவோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தவோ போகிறவர்கள்தான் இங்கே மணிக்கு நூறு மைலைத் தாண்டுகிறார்கள்.

கரையோரப் புல்வெளிதான் பட்டறை. டிரெய்லர்கள், கித்தான் கூடாரங்கள், மடக்கு நாற்காலிகளில் தாத்தா பாட்டிகள். ஒரே பெயர் அச்சடித்த சட்டையில் மூன்று தலைமுறை. இந்த விளையாட்டின் பலமும் பலவீனமும் இந்தச் சட்டைதான் என்று எனக்குத் தோன்றியது. குடும்பத்தில் பிறந்தவனுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவனுக்கு எதை எங்கே விலைக்கு வாங்குவது என்பதே தெரியாது. பந்தய எஞ்சினைக் கடையில் அடுக்கி வைத்து விற்பதில்லை. யாரோ ஒருவரின் கொட்டகையில் இருக்கும், அந்த யாரோ யார் என்று தெரிய வேண்டும்.

எஞ்சினுக்கே ஒரு கதை உண்டு. ஓஎஸ்ஒய்-400 என்ற வகுப்புப் படகுகளின் பின்னால் 'யமாட்டோ' என்று எழுதியிருந்தது. ஜப்பானிய எஞ்சின். ஜப்பானில் 1952இல் ஓமுராவில் ஆரம்பித்த சூதாட்டப் படகுப் பந்தயம் இன்று 24 தளங்களில் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி எஞ்சின், அதுவும் குலுக்கலில். ஏறக்குறைய ஓராண்டு ஓடியதும் மொத்தத்தையும் மாற்றிவிடுவார்கள். அப்படிக் கழித்துவிட்ட எஞ்சின்கள்தாம் கடல் தாண்டி வந்து அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் படகு ஓட்டுகிறவர்களைப் பல காலமாகக் காப்பாற்றி வருகின்றன. புதியவர்களை இந்த வகுப்பில் சேரச் சொல்வது அதனால்தான்: எஞ்சினில் அதிகம் கைவைக்க விதி இடம் தராது, பணக்காரன் காசைக் கொட்டி முந்திவிட முடியாது.

படகு இறங்குவதை நெருங்கி நின்று பார்த்தேன். பன்னிரண்டடிப் பலகைப் படகு. நாலு பேர் தூக்கித் தண்ணீரில் வைக்கிறார்கள். ஓட்டுபவர் உட்காருவதில்லை, மண்டியிடுகிறார். இடது கையில் அழுத்திப் பிடிக்கும் த்ராட்டில். விட்டால் வேகம் அடங்கிவிடும். வலது கையில் ஸ்டியரிங். கவிழ்ந்தால் தூக்கி எறியப்படுவார் என்பதால், புரொப்பெல்லர் கிழிக்காதபடி கைகால்களுக்குக் கெவ்லார் உடை. எஞ்சினுக்கு நியூட்ரல் கிடையாது. உயிர் வந்த கணமே படகு பாயும். ஆகவே மார்புவரை ரப்பர் உடை போட்ட ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஓட்டுபவர் கயிற்றை இழுக்கிறார், எஞ்சின் அலறுகிறது, பிடித்தவர் சரியான நொடியில் கீழே விடுகிறார். அவர் முகத்தில் ஒரு குடம் தண்ணீர் அடித்துவிட்டுப் படகு போய்விடுகிறது.

பந்தயம் தொடங்குவதும் விநோதம். கோட்டில் நிற்பதில்லை. பெரிய கடிகாரம் கடைசி நிமிடத்தை எண்ண, படகுகள் சுற்றிச் சுற்றி வந்து, முள் சுழியத்தைத் தொடும்போது முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் தகுதி போயிற்று. பழகாதவர்களை எல்லோருக்கும் பின்னால் வெளிப்பக்கமாக வரச் சொல்கிறார்கள். தோற்றாலும் கணக்கு உண்டு: முதலாமவருக்கு 400 புள்ளி, அடுத்து 300, 225, 169, ஐந்தாமவருக்கு 127. சுற்றுகளின் கூட்டுத்தொகையில் முடிவு. முதல் சுற்றில் இருவர் முந்தி மாட்டிக்கொண்டால், ஒழுங்காக ஓடி முடித்த புதியவர் மேலே வந்துவிடுவார்.

பெயர்ப் பதிவு மேசையில் எழுபதை ஒட்டிய ஓர் அம்மாள். கணவர் ஓட்டினார், மகன் ஓட்டினார், இப்போது பேத்தி. பேத்தி இருப்பது வேறு பிரிவில், ஒன்பது முதல் பதினைந்து வயதுவரைக்கான 'ஜே' வகுப்பில். எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை ஒரு தகட்டால் குறுக்கி வேகத்தை அடக்கியிருப்பார்கள். வயது கடந்ததும் தகட்டைக் கழற்றினால் அதே எஞ்சின் பெரியவர்களின் 'ஏ' வகுப்புக்குத் தயார். அப்பாவுக்குப் புதுச் செலவு இல்லை. நல்ல யோசனைதான். ஆனாலும் அங்கேதான் ஓட்டை என்றார்.

"பதினாறில் கார் லைசென்ஸ் வருகிறது. அப்புறம் வேலை, காதல், கல்லூரி. படகு கொட்டகையில் தூங்கும். சிலர் முப்பதுக்கு மேல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்புவார்கள்."

புதியவர்கள்?

"ஒருநாள் உறுப்பினர் சீட்டு கொடுக்கிறோம், படகையும் கொடுத்துப் பார்த்திருக்கிறோம். ஓட்டிவிட்டு, பிரமாதம் என்று கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அடுத்த வருடம் முகமே தெரியாது. தண்ணீரில் நின்று பிடித்தவன்தான் திரும்பி வருகிறான்."

எனக்கு இது புரிந்தது. ஓட்டுபவனுக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். மீதி நாள் முழுக்கத் தூக்குவது, துடைப்பது, புரொப்பெல்லர் மாற்றுவது, எஞ்சினை அரை விரல் உயர்த்திப் பார்ப்பது. அந்த மீதி நாளில் பங்கில்லாதவனுக்கு இங்கே இருக்கை மட்டும்தான் உண்டு, இடம் இல்லை. ஆனால் அம்மாளின் கணக்கில் ஒரு குறையும் எனக்குப் பட்டது: பிடிப்பதற்கு யாராவது கூப்பிட வேண்டுமே? வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனை உள்ளே வா என்று சொல்வது யார் பொறுப்பு? அதை அவரிடமே கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் என் பின்னால் நின்ற அண்ணன் மகனைப் பார்த்தார். "நீச்சல் தெரியுமா, தம்பி?"

தெரியும் என்றான். பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்று வந்தது, கையெழுத்துப் போட்டான், மணிக்கட்டில் காகிதப் பட்டை ஏறியது. அடுத்த சுற்றுக்கு ஒரு குழுவில் ஆள் குறைவாம். யாருடைய ரப்பர் உடையோ, இவனுக்கு இரண்டு அளவு பெரிது. முதலில் தூக்க மட்டும் விட்டார்கள். பிறகு, தாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க, பின்பக்கத்தைப் பிடித்தான். சற்றுத் தாமதமாகத்தான் விட்டான். படகு ஒரு துள்ளு துள்ளி நேராகிப் போனது. தாடிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படகுக்கும் இவனையே நிறுத்தினார்.

சொட்டச் சொட்ட வந்தவனின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டார். "நாளைக் காலை ஏழு மணி. சாப்பாடு எங்களோடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆரோரா பாலாஜி கோயிலுக்குப் போவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தோம். அவன் என்னைப் பார்த்தான்.

"கோயில் சாயங்காலமும் திறந்துதான் இருக்கும், சித்தப்பா."