தினமும் தோளில் தொங்க ஒரு பழைய கேமரா: டோக்கியோ கடைத்தெருவில் ஒரு தேடல்

ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாசலை விட்டு வெளியே வந்தால், முதலில் காதில் விழுவது ஒரு விளம்பரப் பாட்டு. அதைத் தொடர்ந்து போனால் பெயர்ப் பலகை தெரியும்: யோடோபாஷி கேமரா. உள்ளே வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், செல்போன், பொம்மை எல்லாம் விற்கிறார்கள். ஆனாலும் பெயரில் 'கேமரா' ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கேமரா விற்று வளர்ந்த கடை அது. ஜப்பான் முழுக்கக் கிளை வைத்திருக்கும் பிக் கேமராவும் இதே ரகம்தான்.

உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் ரயில் நிலையம் ஷின்ஜுகு. அந்தக் கூட்டத்தை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போனால், பழைய கேமரா மட்டுமே விற்கும் கடைகள் வரிசையாக வரும். கண்ணாடி அலமாரிகளில் 1950கள் முதல் 1990கள் வரை பிறந்த கேமராக்கள், ஒவ்வொன்றின் அருகிலும் கையால் எழுதியதுபோல ஒரு சிறு சீட்டு. டோக்கியோ போகிறவர்கள் கோயில், செர்ரிப் பூ, ஃபுஜி மலை என்று பட்டியல் போடுவார்கள். என் பட்டியலில் இந்த அலமாரிகள்தான் இருந்தன. கையில் 25,000 யென், அதாவது சுமார் 15 ஆயிரம் ரூபாய். இரண்டு நாள் அவகாசம். தினமும் எடுத்துக்கொண்டு போக ஒரே ஒரு ஃபிலிம் கேமரா வேண்டும்.

செல்போன் இருக்கும்போது எதற்கு என்று கேட்பீர்கள். என் போனில் பல ஆயிரம் படங்கள் இருக்கின்றன. அம்மாவைத் தேடினால் எல்லாமே கல்யாண வீட்டில் பட்டுப்புடவையோடு நிற்கும் படங்கள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பூத் தொடுக்கும் அம்மா அதில் இல்லை. எப்போதாவது எடுத்த ஒன்றிரண்டும் 'குட் மார்னிங்' செய்திகளுக்கு அடியில் புதைந்துவிட்டன. அப்பா காலத்து ஆல்பத்தில் இருப்பது மொத்தம் 80 படங்கள்தான். ஆனால் 80-ம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அம்மாவுக்கு 74 வயது. அந்த ஆல்பத்தில் இன்னும் சில பக்கங்கள் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

தங்க நிற ஸ்டிக்கர்

பழைய கேமராவுக்கு ஏன் டோக்கியோ? நிக்கான், கேனான், ஒலிம்பஸ், பென்டாக்ஸ் எல்லாம் இந்த ஊரோடு பிணைந்த பெயர்கள். போருக்குப் பிறகு ஜப்பான் உலகத்துக்கு விற்ற முக்கியமான பொருள்களில் கேமராவும் ஒன்று. மட்டமான சரக்கு வெளிநாடு போய்ப் பெயர் கெடக்கூடாது என்று, ஏற்றுமதியாகும் கேமராக்களைப் பரிசோதிக்கத் தனி அமைப்பு வைத்தார்கள். அதில் தேறிய கேமராக்களில் 'பாஸ்டு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட, தங்க நிறத்தில் முட்டை வடிவ ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த பழைய கேமரா இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அதே அமைப்பு 1989-ல் ஒரு கேமரா அருங்காட்சியகத்தைத் திறந்தது. ஹன்ஸோமோன் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். உலகில் முதன்முதலாகக் கடையில் விற்பனைக்கு வந்த 1839-ம் ஆண்டு ஜிரூ கேமராவை அங்கே பார்க்கலாம். கடைக்குப் போகும் முன் இங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால், எது என்ன ரகம் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

அழகு வேறு, அன்றாடம் வேறு

முதல் கடையில் எல்லோருடைய கண்ணும் போகும் இடத்துக்கே என் கண்ணும் போனது: ஜெர்மனியின் லைகா எம்3, 1954-ம் வருட மாடல். விலைச் சீட்டைப் பார்த்ததும் கண் தானாகவே அடுத்த தட்டுக்கு இறங்கிவிட்டது. அங்கே நிக்கான் எஃப்எம்2. 1982-ல் வந்தது. ஒரு விநாடியை 4,000 பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டர், அதுவும் பேட்டரி இல்லாமலே. கையில் வாங்கினால் உறுதியான இரும்புப் பெட்டிபோல இருந்தது. உடல் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல், லென்ஸ் தனி எடை.

கடைக்காரர் பெரியவர். துணி விரித்த தட்டில்தான் கேமராவை வைத்துக் கொடுப்பார். எந்த கேமராவைக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?"

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் அலமாரியின் வரிசையே மாறிவிடுகிறது. ஷின்ஜுகு தெருக்களைப் பல பத்தாண்டுகள் படமெடுத்தவர் டாய்டோ மொரியாமா. உலகப் புகழ் பெற்ற அந்தப் புகைப்படக்காரர் கையில் பெரும்பாலும் இருந்தது சட்டைப்பைக்குள் அடங்கும் ரிக்கோ ஜிஆர் வகைக் குட்டி கேமரா. கூடவே வருகிற கேமராதான் படம் எடுக்கும். வீட்டில் வைத்துவிட்டுப் போகும் கேமரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

நகானோவில் நாலு நண்பர்கள்

ஷின்ஜுகுவிலிருந்து ஆரஞ்சு நிற ச்சுவோ ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே நகானோ. ஐந்து நிமிடப் பயணம். நிலையத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே கூரை போட்ட கடைத்தெரு. அதன் முடிவில் 1966-ல் கட்டிய நகானோ பிராட்வே என்ற பழைய வணிக வளாகம், பொம்மைப் பிரியர்களின் சொர்க்கம். பக்கத்துச் சந்தில் ஃபுஜியா கேமரா என்ற பெயர் பெற்ற கடை. இந்தப் பக்கத்துக் கடைகளில் மணிக்கணக்காகப் பார்த்ததில், அன்றாடத்துக்கு ஏற்றவை என்று நான்கு தேறின.

முதலாவது, ஒலிம்பஸ் பென். 1959-ல் வந்தது. ஃபிலிம் விலை சாதாரண மக்களுக்கு எட்டாத காலத்தில், 6,000 யென்னுக்கு விற்கும் கேமரா என்ற இலக்கோடு யோஷிஹிஸா மைதானி என்ற இளம் பொறியாளர் வடிவமைத்தார். ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கும். 36 படச் சுருளில் 72 கிடைக்கும். கண் வைத்துப் பார்த்தால் காட்சி செங்குத்தாகத் தெரியும், நம் செல்போன்போலவே! பென்டாக்ஸ் பெயரில் 2024-ல் புதிதாக வெளிவந்த ஃபிலிம் கேமராவும் இதே அரைச் சட்ட முறையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967-ல் வந்தது. பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடுபோல இருக்கும் செலினியம் தகடு, வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து அளவைத் தானே தீர்மானிக்கும். தூரத்துக்கு ஒரு ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை என்று படம் போட்டிருக்கும். ஒரு குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் அசையாது.

மூன்றாவது, பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரித்தார்கள். எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டும் என்பதால், புகைப்படக் கலை படிக்கும் மாணவர்களின் வாத்தியார் இது. பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான், அதுவும் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பட்டன் பேட்டரி. எடைதான் கொஞ்சம் அதிகம்.

நான்காவது, கேனானெட் க்யூஎல்17 ஜி-3. 1972-ல் வந்தது. சுமார் 600 கிராம். வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சிறு கட்டம், அதில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. ஷட்டர் சத்தம் விரல் நொடிப்பதைவிட மெல்லியது. பெயரிலுள்ள 17 என்பது லென்ஸின் திறப்பைக் குறிக்கும்: எஃப் 1.7.

வீட்டு வெளிச்சம் சொன்ன முடிவு

மனசு ட்ரிப் 35-ன் பக்கம்தான் சாய்ந்தது. எடை குறைவு, பேட்டரித் தொல்லை இல்லை, விலையும் கம்மி. கடற்கரை, சந்தை, ரயில் ஜன்னல் என்று பகலில் சுற்றுகிறவருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

ஆனால் நான் எடுக்க நினைத்த படம் பகலில் இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஒற்றை டியூப்லைட்டின் கீழ், முறத்தில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு அம்மா உட்காரும் நேரம் அது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டாலும் அந்த வெளிச்சத்தில் ட்ரிப் சிவப்புக் கொடி காட்டிவிடும். அதன் லென்ஸ் எஃப் 2.8. கேனானெட்டின் எஃப் 1.7 அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். தானியங்கி முறையை விட்டுவிட்டு, விநாடியில் 30-ல் ஒரு பங்கு என்று நாமே வைத்தால் பேட்டரி இல்லாமலும் படம் விழும். மூச்சை அடக்கிக் கையை அசைக்காமல் பிடித்தால் போதும். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்து அம்மாவை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டியதில்லை.

ஆகவே, எந்த கேமரா நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் ஒரு நாளை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். யாரை, எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள்? பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்தால் தெரிந்துவிடும்.

காசு கொடுக்கும் முன்

ஜப்பானியக் கடைகளில் குறைகளைச் சீட்டில் எழுதியே வைக்கிறார்கள். 'கபி' என்றால் பூஞ்சை, 'குமோரி' என்றால் லென்ஸ் மங்கல். காபி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்! தரம் பிரித்து விற்கும் கேமராவுக்குப் பெரும்பாலும் சில மாத உத்தரவாதம் உண்டு. 'ஜங்க்' என்று எழுதிய கூடையில் கிடப்பவற்றுக்கு எதுவும் கிடையாது. ரிப்பேர் தெரிந்தவர்கள் மட்டும் அங்கே கை வைக்கலாம்.

எந்த ஊரில் வாங்கினாலும் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி' அளவில் திறந்து வைத்து, செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியே அடியுங்கள். சிலந்தி வலைபோலக் கோடு தெரிந்தால் அது பூஞ்சை. பேட்டரி அறையில் பச்சைக் கறை இருந்தால் வேண்டாம். மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஃபோம் பட்டை, வருஷங்கள் போனால் தார்போலப் பிசுபிசுக்கும். இதை மாற்றிவிடலாம், பயப்பட வேண்டாம். எல்லா ஷட்டர் வேகத்தையும் ஒருமுறை அழுத்திக் காதால் கேளுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், தூரத்துக் கட்டடத்தைப் பார்த்து இரட்டை உருவம் சரியாக ஒன்று சேர்கிறதா என்று சோதியுங்கள்.

இன்னொன்று, 1970களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. கேனானெட்டும் அப்படித்தான். அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. காது கேட்கும் கருவியில் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரியை ஒரு சின்ன வளையத்தோடு வைத்தால் மீட்டர் ஒழுங்காக வேலை செய்யும்.

ஊருக்கு வந்த பிறகு

விமான நிலையத்தில் ஃபிலிமை செக்-இன் பெட்டிக்குள் போடாதீர்கள். புதிய வகை ஸ்கேனர்கள் கைப்பையில் இருக்கும் ஃபிலிமையும் பாழாக்கும். ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

நம் கடலோரக் காற்றின் ஈரம் லென்ஸுக்குப் பகை. மூடி வைத்த தோல் உறைக்குள் பூஞ்சை சீக்கிரம் வளரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அதைவிட நல்ல வைத்தியம், தினமும் வெளியே எடுத்து உபயோகிப்பது.

செலவையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டித் தொழிற்சாலையில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த காலம் போய்விட்டது. இன்று ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு படம், அதற்கு மேல் ஆறேழு கையில் இருக்கும். அந்தக் கணக்குக்குள் வரும்போது எதை எடுக்கலாம் என்பதைவிட, எதற்காகக் காத்திருக்கலாம் என்றுதான் கண் தேடுகிறது.

முதல் ரோலின் ஒன்பதாவது படம் அம்மா. விரலில் நார், மடியில் பாதி தொடுத்த சரம். ஷட்டர் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. கேமராவைக் கீழே இறக்கியதும்தான் நிமிர்ந்தார்.

"எடுத்துட்டியா? எங்க, காட்டு."

"இதுல இப்பப் பார்க்க முடியாதும்மா. ரோல் முடியணும், கழுவணும். பிரிண்ட் போட்டே கொண்டுவந்து தர்றேன்."

"அந்தக் காலத்துல அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பூவை எடுத்தார்.