பூ விழவில்லை

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி வரத்து நின்றது. என் யூனிட்டில் எட்டு மிஷின்களும் உறை போட்டுக் கிடந்தன. அதனால் நேரமில்லை என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த மாதங்களில்தான் தம்பிக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. ஓவர்லாக்கில் அவன் கை வேகத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை. உறை போட்ட மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பவன் திடீரென்று பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பதில் சொல்வான்.

எங்கள் ஊர் திருமுருகன்பூண்டி. புத்தி பேதலித்தவர்களை முருகநாத சுவாமி கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்துத் தீர்த்தமாட்டுவது இங்கே தலைமுறை வழக்கம். நானும் ஆட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. மண்டலம் முடிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்று மைத்துனர் சொன்னார். “சாமி உத்தரவு கிடைக்கட்டும்” என்றேன். குலதெய்வக் கோயிலில் அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்டோம். வலப்பக்கம் விழுந்தால் போகலாம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பூ இரண்டு பக்கமும் விழாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்த அமாவாசைக்கும் அப்படித்தான். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைக்கும் போனேன். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார். பூப்போட்டுக் கேட்டு உறுதியானால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு யாருக்காவது வரும்வரை அது அங்கேயே இருக்கும். அதற்கு நாள் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கில்லாமைதான் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

நான் கேட்ட கேள்வியை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா?” என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். “கூட்டிப் போகாமல் இருக்கட்டுமா?” என்று ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டாவதைக் கேட்டிருந்தாலும் பூ அசையாமல்தான் இருந்திருக்கும். அப்போது அந்த மௌனத்துக்கு நான் என்ன அர்த்தம் சொல்லியிருப்பேன்? கடன் வாங்கி எட்டு மிஷின் போட்டவன் நான். அதற்கு எந்தச் சாமியிடமும் பூக் கேட்கவில்லை.

உண்மைக் காரணம் வேறு. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். கோயிலுக்குப் போனால் வேண்டுதல் என்று சொல்லிவிடலாம். மனநல மருத்துவரின் சீட்டு வீட்டுக்குள் வந்தால் என்ன சொல்வது? 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து செத்தார்கள். நான் தம்பியைக் கட்டிப்போடவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ராத்திரியில் அவன் அறையை வெளியே தாழ்போட்டது நான்தான்.

திருமுருகன்பூண்டியில் சுந்தரர் கதை கேட்டு வளர்ந்தவன் நான். சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு வந்தவரை, சிவன் அனுப்பிய பூதகணங்கள் வேடர் வடிவில் வந்து வழிப்பறி செய்தன என்பது எங்கள் தலத்தின் கதை. சுந்தரர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. திருடர்கள் நடமாடும் இடத்தில் எதற்கு ஐயா உட்கார்ந்திருக்கிறீர் என்று நேராகச் சண்டைக்குப் போனார். ஏழாம் திருமுறையில் 49-ஆம் பதிகம் அது. நான் சண்டை பிடிக்கவில்லை. மரியாதையாகக் கை கட்டி நின்றேன். பக்தி என்று ஊரில் பெயரும் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பல்லி சொல்லுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தம்பி. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தவன், மெதுவாகக் கேட்டான்: “உனக்கும் கேக்குதாண்ணா?”

அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான். “சித்த பேசாம இர்றா” என்றேன். பல்லிச் சத்தம் தவறிவிடக் கூடாதே.

பிறகு சோற்றில் விஷம் வைத்திருப்பதாகக் குரல் சொன்னது. அவன் நாலு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலை அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கோவை பஸ்ஸுக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவர் அவர். சாமியைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. நான் பின்னாலேயே ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

“எத்தனை நாளா இப்படி இருக்காரு?” என்று டாக்டர் கேட்டார்.

“மூணு மாசமாத்தானுங்க” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. “பதினாலு மாசமுங்க சாமி” என்றார். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார்.

தம்பி இப்போது மாத்திரையில் இருக்கிறான். ஓவர்லாக்கில் உட்காருவதில்லை, கை நடுங்குகிறது. செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுகிறான்.