அந்தரத்து வண்டி

சொற்களுக்கும் ஆயுள் உண்டு. சில சொற்கள் பிறந்த வீட்டிலேயே நிலைத்து வாழ்கின்றன. சில, பிறந்த இடத்தில் மறைந்து, வேற்றூரில் வேறு உருவில் வாழ்கின்றன. அத்தகைய சொல் ஒன்று அரை நூற்றாண்டுக்கு முன் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மனத்தாங்கலை உண்டாக்கிவிட்டுப் போயிற்று. அதை இன்று எழுதித் தீர்த்துக்கொள்ள விழைகிறோம்.

1975ஆம் ஆண்டு. பொறியியல் கல்லூரியில் முதலாண்டு முடித்து விடுமுறைக்குப் போடிநாயக்கனூர் வந்திருந்தோம். தாயைப் பெற்ற பாட்டனாருக்கு அப்போது எழுபது வயதிருக்கும். மஃரிபு தொழுது வந்து திண்ணையில் அமர்ந்தாரானால் பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொள்வர். அவர் சொல்லும் கதைகளில் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்பது அந்தரத்து வண்டிக் கதை.

சிறுவராக இருந்தபோது அவர் தம் தகப்பனாரோடு மாட்டுவண்டியில் கொட்டகுடிக்குப் போவாராம். மூணாற்றுத் தேயிலை அக்காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியாக டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டுக்கு வந்து சேரும். 1902இல் அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டி ஓடிற்று. 1908இல் சிறிய இரயில் வந்தது. முகட்டிலிருந்து கொட்டகுடிக்குச் செங்குத்தான சரிவு. அங்கே தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி வரும். கீழே காத்திருக்கும் மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிக்குக் கொண்டு செல்லும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயிலை அடித்துச் சென்றுவிட்டது.

"மாடும் இல்லை, ஆளும் இல்லை. மேகத்துக்குள்ளேயிருந்து பெட்டி மட்டும் வரும். அதுதான் அந்தரத்து வண்டி" என்று பாட்டனார் கையை உயர்த்திக் காட்டுவார்.

அன்று நாம் குறுக்கிட்டோம். "நன்னா, அதற்கு அந்தரத்து வண்டி என்றெல்லாம் பெயரில்லை. டெல்ஃபர் என்று பெயர். புத்தகத்தில் படித்தேன்."

பிள்ளைகள் சிரித்தனர். பாட்டனார் உயர்த்திய கையைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படியா தம்பி? படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். அதன்பின் அந்தக் கதையை அவர் சொல்லி நாம் கேட்டதில்லை. மறுவருடம் மறைந்துவிட்டார்.

நாம் பெருமையோடு வீசிய அச்சொல்லின் வரலாற்றைப் பிற்காலத்தில்தான் முறையாகப் படித்தோம். எடின்பரோப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஃபிளெமிங் ஜென்கின் உருவாக்கிய சொல் அது. கடலடித் தந்திக் கம்பிகள் அமைப்பதில் பெயர் பெற்றவர். 'தொலைவு', 'சுமத்தல்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, மின்விசையால் உயரக் கம்பியில் சரக்கு செலுத்தும் முறைக்கு டெல்ஃபரேஜ் என்று பெயரிட்டார். அயர்ட்டன், பெர்ரி என்ற இரு அறிஞர்கள் அவருக்குத் துணை நின்றனர். அவர்களுள் அயர்ட்டன் இளமையில் இந்தியத் தந்தித் துறையில் பணி செய்தவர்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், கிளைண்டு என்னும் சிற்றூரில், களிமண் குழியிலிருந்து இரயில் நிலையம்வரை சுமார் ஒரு மைல் நீளத்துக்கு அத்தகைய பாதை அமைந்தது. 1885 அக்டோபர் 17ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஆனால் ஜென்கின் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே காலமாகிவிட்டார். தம் வண்டி ஓடித் திறப்புவிழாக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இவ்வளவும் படித்த பிறகே நம் பிழை நமக்கு விளங்கிற்று. டெல்ஃபரில் கம்பி அசையாது. கம்பி வழியே மின்சாரம் பாயும். தொங்கும் வண்டி தன் மின்பொறியால் தானே நகரும். கொட்டகுடியில் இருந்ததோ ரோப்வே. அங்கே ஓடுவது வடம். பெட்டி அதைப் பற்றிக்கொண்டு வருவது மட்டுமே. இரண்டும் ஒன்றல்ல. ஆக, பாட்டனார் சொன்னதில் பிழையில்லை. திருத்தப் புகுந்த நாமே பிழை செய்தோம். அந்தரத்தில் வந்தது, வண்டியின் வேலையைச் செய்தது. கண்டவர் வைத்த பெயர் கண்டதற்குப் பொருந்தி நின்றது. காணாதவர் ஏட்டிலிருந்து எடுத்து வைத்த பெயர் பொருந்தவில்லை.

ஆங்கிலத்தில் அச்சொல் இன்று பெரும்பாலும் அகராதியில் உறங்குகிறது. ருஷ்ய மொழியில் தொழிற்சாலைகளில் சுமை தூக்கும் மின்பொறிக்கு அப்பெயர் வழங்குகிறது. அதே கிரேக்க வேர்களிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆக்கிய மற்றொரு சொல் நாடு நாடாகச் சென்றது. 2012ஆம் ஆண்டு உம்ராவுக்குச் சென்றிருந்த நாம் தாயிஃபு நகரையும் கண்டுவரப் போனோம். அல்ஹதா மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் கம்பி ஊர்தியின் வாயிலில் அரபு எழுத்தில் 'தெலெஃப்ரீக்' என்றிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தபோது திண்ணையில் தாழ்ந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. கண்கள் கலங்கின.

உடன் வந்த பேத்தி, "இதற்குத் தமிழில் என்ன நன்னா?" என்று கேட்டாள்.

கலைச்சொற்கள் பலவற்றை நாம் அறிவோம். அவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. "அந்தரத்து வண்டி" என்றோம். "யார் வைத்த பெயர்?" என்றாள். கீழே போய்ச் சேரும்வரை கொட்டகுடிக் கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம், பாட்டனார் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல்.