ரெண்டு மணின்னா யாரோட ரெண்டு மணி?

காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அம்மா. காலை 7.15-க்கு எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. வலது கை, கால் அசையல. பேச்சு வரல. ஸ்ட்ரோக். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ஸ்ட்ரோக்ல நாங்க கேக்கிற முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். நேரம் கடந்து போட்டா பலன் குறையும், மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்துதான் மிஞ்சும். கணக்கு ஆரம்பிக்கிறது விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்துல இருந்து இல்லீங்க, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து.

மருமக 6.30-க்கு எழுந்து பார்த்தப்ப அத்தை வாசல்ல கிடந்தாங்க. அதுக்கு முன்னாடி பார்த்தது ராத்திரி பத்து மணிக்கு. அப்போ ஒன்பது மணி நேரம் ஓடிப்போச்சு.

மருமக கப்பல்ல வேலை பார்க்கிற புருஷனுக்குப் போன் போட்டாங்க. அவர் பதறிப்போய், "ரெண்டு மணிக்குக்கூட வாய்ஸ் மெசேஜ் அனுப்புச்சாங்களே டாக்டர், நல்லாத்தான் பேசினாங்க" என்றார். ரெண்டு மணின்னா அஞ்சே கால் மணி நேரம் ஆச்சு. ஊசி கிடையாதுன்னு எழுதப் போயிட்டேன்.

அப்புறம்தான் ஒரு கேள்வி தோணுச்சு. "தம்பி, கப்பல் இப்ப எங்க இருக்கு?"

"துபாய் பக்கம் டாக்டர்."

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அந்த அம்மாவோட போனை வாங்கிப் பார்த்தோம். அதே மெசேஜ், 3.31. போட்டுக் கேட்டேன். ஏலத்துக்குக் கிளம்பப் போறேன், நீ சாப்பிட்டியான்னு கணீர்னு ஒரு குரல். உளறல் இல்ல, இழுப்பு இல்ல. அதுதான் எனக்கு வேண்டிய சாட்சி. சி.டி.யில ரத்தக்கசிவு இல்ல, பிரஷர், சுகர் சரி. 7.50-க்கு ஊசி போட்டோம். கெடு 8.01.

மகன் போன்ல 2.01, அம்மா போன்ல 3.31. ரெண்டுமே சரிதான். போனுக்குள்ள நேரம் யூடிசிங்கிற பொது நேரத்துலதான் ஓடுது. 1970 ஜனவரி 1 நள்ளிரவுல இருந்து எத்தனை விநாடின்னு ஒரு எண்ணிக்கை. திரையில காட்டும்போது மட்டும் அந்தந்த ஊர் நேரமா மாத்திக் காட்டும். நான்தான் எண்ணை வாங்கிக்கிட்டு ஊரை விட்டுட்டேன்.

இன்னொன்னு பாருங்க. யூடிசி கணக்குல அந்த மெசேஜ் வந்தது முந்தின நாள் ராத்திரி 10.01-க்கு. தேதியே வேற! முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில சாஃப்ட்வேர் யூடிசியில சேமிச்சுட்டு, திருப்பி மாத்தாமலே பிரிண்ட் போட்டுச்சு. விடியக்காலை 4.40-க்குப் பிறந்த குழந்தை முந்தின நாள் ராத்திரி 11.10-க்குப் பிறந்ததா பேப்பர்ல வந்துச்சு. நள்ளிரவுல இருந்து 5.30 வரை பிறந்த எல்லாருக்கும் இதே கதி. ஜாதகம் எழுதப் போன ஒரு பாட்டிதான் கண்டுபிடிச்சாங்க, ஐ.டி. ஆளுங்க இல்ல.

இந்தக் குழப்பம் நம்ம ஏரியாவுக்குப் புதுசும் இல்ல. ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல திறந்தப்ப ஐ.எஸ்.டி.ன்னு ஒன்னே கிடையாது. நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்துல இருந்த வானாய்வகம் கணிச்ச மெட்ராஸ் நேரம்தான் இங்க நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால. பம்பாய்க்கு 4.51, கல்கத்தாவுக்கு 5.53. ஊருக்கு ஊர் வேற நேரம்னா ரயில் எப்படி ஓடும்? பின்னாடி ரயில்வே மெட்ராஸ் நேரத்தையே பொதுவா எடுத்துக்கிச்சு. பம்பாய்க்காரர் தன் கடிகாரத்துல அரை மணி கூட்டித்தான் ரயில் பிடிக்கணும். 1906 ஜனவரி 1-ல ஐ.எஸ்.டி. வந்தப்ப நம்ம ஊர் கடிகாரமும் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னால போச்சு.

சாஃப்ட்வேர் எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கு: நடந்து முடிஞ்சதை யூடிசியில வைங்க, கூடவே எந்த ஊர்னும் வைங்க, ஊர் நேரத்துல காட்டுங்க. ஆனா பிறந்த தேதியைத் தேதியாவே விடுங்க, மாத்தாதீங்க. "தினம் ராத்திரி 8 மணிக்கு மாத்திரை"ங்கிறதும் வேற ரகம். அது ஆள் இருக்கிற ஊரோட எட்டு மணி. கப்பல் ஏறுறவங்க இன்சுலின் போடுறவங்களா இருந்தா, நேரத்தை எப்படி மாத்துறதுன்னு கிளம்பும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

அந்த அம்மா இப்ப குச்சி பிடிச்சு நடக்கிறாங்க. பேச்சு முக்கால்வாசி வந்துடுச்சு. வலது கையில மீன் வெட்டுற அளவுக்கு இன்னும் பலம் வரல. மகன் எனக்கு மெசேஜ் அனுப்பும்போதெல்லாம் முதல் வரியில "ஊர் டைம்"னு போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.