பதினேழு வயது

சிகாகோவுக்குப் போகிறவர்கள் கும்பல் தலைவன் அல் கப்போனைத் தேடுவார்கள். நானும் தேடினேன். அதற்கென்றே ஓடும் சுற்றுலா பஸ்ஸில், வழிகாட்டி வாயாலேயே மெஷின்கன் சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தார். வடக்கு கிளார்க் தெருவில் இறக்கி ஒரு புல்தரையைக் காட்டினார். 1929 காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட கராஜ் நின்ற இடம். 1967-ல் இடித்துவிட்டார்கள். அந்தச் சுவரின் செங்கற்கள் விலைபோய், இப்போது லாஸ் வேகஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன. எல்லோரும் புல்லைப் படம் எடுத்தோம்.

மறுநாள், பஸ் போகாத தெற்குப் பக்கம் போனேன். 29-வது தெருவுக்கு நேரே மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு பாறை, அதில் ஒரு தகடு. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. யூஜின் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பையன், வயது 17, தெப்பத்தில் மிதந்தபடி வெள்ளையர் குளிக்கும் பக்கம் வந்துவிட்டான். கரையிலிருந்து ஒருவன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிப்போனான். எறிந்தவனைக் கைது செய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்துவிட்டார். அடுத்து வந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். 23 பேர் கறுப்பர்கள், 15 பேர் வெள்ளையர்கள்.

கலவரத்தை விசாரித்த குழு 1922-ல் வெளியிட்ட அறிக்கை வெள்ளையினப் பையன்களின் சில ‘விளையாட்டு மன்றங்களை’ப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டியது. இவர்கள் இல்லாவிட்டால் முதல் கைகலப்போடு முடிந்திருக்கும் என்பது அதன் கணிப்பு. பெயர்தான் விளையாட்டு மன்றம். வாடகையைக் கொடுப்பவர் உள்ளூர் அரசியல்வாதி; தேர்தல் நாளில் வாக்குச்சாவடியைப் பார்த்துக்கொள்வது பையன்கள். ‘ரேகன்ஸ் கோல்ட்ஸ்’ என்ற கும்பலின் பெயரிலேயே அதன் புரவலர் இருக்கிறார்: ஃபிராங்க் ரேகன், குக் கவுண்டி நிர்வாகக் குழு உறுப்பினர். கப்போன் அரசியல்வாதிகளை விலைக்கு வாங்கியவர், அவ்வளவுதான். இந்தப் பையன்கள் அரசியல்வாதிகளாகவே வளர்ந்தார்கள்.

அறிக்கையில் இருந்த இன்னொரு பெயர் ஹாம்பர்க் மன்றம். அதன் பேட்டையான பிரிட்ஜ்போர்ட், ஏரிக்கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. ஐரிஷ்காரர்களின் பழைய பகுதி. லோ அவென்யூவில் ஒரு செங்கல் வீட்டின் எதிரே நின்றேன். அலட்டல் இல்லாத வீடு. 1955 முதல் 1976-ல் சாகும்வரை சிகாகோவின் மேயராக இருந்த ரிச்சர்ட் டேலி கடைசிவரை இங்கேதான் குடியிருந்தார். நகரத்தில் ஒரு வேலை, ஒரு ஒப்பந்தம், ஒரு வேட்பாளர் என்றால் அவர் தலையசைக்க வேண்டும். அவர் ஹாம்பர்க் மன்றத்துப் பையன். 1924-ல் அதன் தலைவரானார்.

பிறந்தது 1902 மே மாதம். கலவரத்தின்போது அவருக்கும் 17.

அந்த வாரம் அவர் என்ன செய்தார் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. கேட்டவர்களுக்கு அவர் நேராகப் பதில் சொன்னதும் இல்லை. செய்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றைய பஸ் இந்தத் தெருவுக்கு ஏன் வரவில்லை என்பது மட்டும் புரிந்தது. இங்கே வாயால் எழுப்பிக் காட்ட ஒரு சத்தமும் கிடையாது.

திரும்பும்போது 35-வது தெருவில் கிழக்கே நடந்தேன். பேஸ்பால் மைதானம் தாண்டியதும் வென்ட்வொர்த் அவென்யூ. கறுப்பர்கள் தாண்டக் கூடாத எல்லையாக அது இருந்தது. 1918-ல் பள்ளி மாணவனாக இருந்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், ஊர் புதிது என்பதால் தெரியாமல் தாண்டி அடிவாங்கித் திரும்பினார். இப்போது அதை ஒட்டியே டான் ரயன் விரைவுச்சாலை போகிறது. டேலியின் ஆட்சியில் போட்டது. ரயில் நிலையம் சாலையின் நட்டநடுவில். பிளாட்பாரத்தில் நின்று எண்ணத் தொடங்கினேன். மொத்தம் 14 தடம் என்கிறார்கள். இரைச்சலில் பாதியிலேயே கணக்குத் தப்பியது. அதற்குள் ரயில் வந்துவிட்டது.